மாரி விட்ட மண்ணில் மரக்கறி: பனிக்காலத் தோட்டம் செய்வது எப்படி?

எங்கள் காணி விடுபட்ட பிறகு நான் செய்த முதல் தோட்டம் பதினொரு நாட்களில் அழிந்து போனது. 2016 ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசி. ஒரு பரப்பில் 500 தக்காளிக் கன்றுகள் நட்டேன். 50,000 ரூபா கிழமைக் கடன் எடுத்து, வேலி போட்டு, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வாடகைக்கு எடுத்து, கன்றும் விலைக்கு வாங்கி நட்டது. கார்த்திகை பிறந்தவுடன் மூன்று நாள் விடாத மழை. பாத்திக்குள் கணுக்கால் அளவு வெள்ளம் நின்றது. நாலாம் நாள் வெயில் எறித்தபோது, மத்தியானத்துக்குள் அத்தனை கன்றும் தலை சாய்ந்துவிட்டன. கன்று போய்விட்டது. கடன்காரர் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார், அதற்கடுத்த செவ்வாயும் வந்தார்.

அயல் தோட்டத்து ஆச்சி வேலிக்கு அங்காலே நின்று பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "பிள்ளை, தண்ணி போக வழி விட்டனியோ?"

நான் விடவில்லை. விடவேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது 12. அப்பா நல்ல தோட்டக்காரர். ஆனால் அவர் அறிந்ததை எனக்குக் காட்டித்தர எங்களிடம் மண் இருக்கவில்லை. நலன்புரி நிலையத்துக் கொட்டில் வாசலில் இரண்டு கத்தரியும் ஒரு பசளிக் கொடியும்தான் எங்கள் தோட்டம். காணி விடுபடுவதற்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார். என்னைப்போல் மண் திரும்பக் கிடைத்தும் தொழில் கைக்கு வராதவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த முதல் தோட்டத்துக்குப் பின் ஆச்சியிடமும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டும், பிழைவிட்டும் நான் படித்தவற்றை அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பனிக்காலம் எது?

மலைநாட்டில் ஆண்டு முழுவதும் கோவாவும் கரட்டும் விளையும். எங்களுக்கு அதற்கென்று கிடைப்பது மூன்று மாதம்தான். வடகீழ் பருவமழை ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகையில் உச்சத்துக்கு வந்து, மார்கழி நடுப்பகுதியில் தளரத் தொடங்கும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு, திருவெம்பாவைக் காலம் தொட்டு மாசி முடியும்வரை காலையில் பனி, பகலில் கடுமையில்லாத வெயில், இரவில் குளிர்.

இந்தக் குளிர்தான் விடயம். தக்காளி பூத்தால் மட்டும் போதாது, பிஞ்சு பிடிக்கவேண்டும். இரவு வெப்பம் குறைந்தால்தான் அது நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். சித்திரை வெயிலில் செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூ எல்லாம் கொட்டுண்டு போகும். போஞ்சியும் அப்படித்தான். கோவா வெக்கையில் இலை விடும், தலை கட்டாது. உருளைக்கிழங்கு இரவுக் குளிர் இல்லாவிட்டால் மேலே தழைத்துக்கொண்டே போகும், கீழே கிழங்கு வைக்காது. பீற்றூட், கரட் இரண்டும் வெயிலில் வந்தாலும் கிழங்கு சிறுத்து நார் வைத்துவிடும்.

ஆகவே கணக்கு இதுதான்: மழை அடங்கியவுடன் கன்று மண்ணில் இருக்கவேண்டும், பங்குனி வெயில் ஏறுமுன் காய் கைக்கு வரவேண்டும். நான் செய்த பிழை, மழைக்கு முன்னே அந்தரப்பட்டு நட்டது. இன்னும் சிலர் பொங்கலும் கழிந்து மாசியில் நட்டுவிட்டு, பங்குனியில் பூக் கொட்டுகிறது என்று மருந்துக்கடைக்கு ஓடுவார்கள். அதற்குக் கடையில் மருந்து இல்லை.

மட்டக்களப்புப் பக்கம் மழை மார்கழியில்தான் உச்சத்துக்கு வரும், தையிலும் பெய்யும். அங்கே உள்ளவர்கள் நான் சொல்லும் திகதிகளை மூன்று, நான்கு கிழமைகள் பின்தள்ளிக்கொள்ள வேண்டும். வன்னியில் மண் இறுக்கமான இடங்களில் தண்ணீர் மெல்லத்தான் வடியும். அங்கேயும் கொஞ்சம் பொறுத்தே நடவேண்டும்.

மண்வெட்டி எடுக்குமுன்

புதிதாக விடுபட்ட காணி என்றால், பயிரைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லியாகவேண்டும். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் மண்வெட்டி வைக்கவேண்டாம். துப்பரவாக்கிய காணியிலும் மழை மண்ணை அரிக்கும்போது அடியில் கிடப்பது மேலே வரலாம். துருப்பிடித்த இரும்பு, வயர், பிளாஸ்ரிக் மூடிபோல் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வாருங்கள். தூரத்தில் அடையாளத்துக்கு ஒரு தடியை நட்டுவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

பற்றையை வெட்டிக் குவித்து அந்த இடத்திலேயே எரிப்பது எங்கள் பழக்கம். விடுபட்ட காணியில் அதைச் செய்யாதீர்கள். வெடிக்காத குண்டு ஒன்று அடியில் கிடந்தால் நெருப்பின் சூட்டுக்கே வெடிக்கும். வெட்டிய பற்றையை ஒரு மூலையில் அடுக்கி உக்கவிட்டால் அது எருவாகும்.

அடுத்தது மண். காணி எல்லா இடமும் ஒரே மண்ணாக இருக்காது. மண் அணை போட்ட இடம், பதுங்குகுழி தோண்டிய இடம், கனரக வாகனம் ஓடி இறுகிய இடம், வீடு இடிந்து சீமெந்தும் சுண்ணாம்பும் கலந்த இடம் என்று ஒரு பரப்புக்குள்ளேயே நாலு மண் இருக்கும். எங்கள் காணியில் மண் அணை இருந்த துண்டில் இரண்டு வருடம் புல்லுக்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அடிமண் மேலே வந்துவிட்டதே காரணம். அப்படியான இடத்தில் முதல் ஆண்டு மரக்கறி நட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். சணல் அல்லது பயறு விதைத்து, பூக்கும்போது மண்ணுக்குள் கொத்திப் புரட்டுங்கள். இரண்டு மாரி அப்படிச் செய்தால் மண் திரும்பும்.

நீண்டகாலம் பாவிக்காத கிணற்றையும் முழுமையாக இறைத்து, அடியில் கிடப்பதை எடுத்த பிறகே பாவிக்கவேண்டும். அடியில் நல்ல காற்று இல்லாமல் இருக்கலாம். தெரிந்தவர்களைக் கொண்டு, மேலே ஆள் நிற்கச் செய்யுங்கள்.

ஒரே தோட்டத்துக்கு இரண்டு உருவம்

ஆச்சி எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. யாழ்ப்பாணத்துத் தோட்டம் என்றால் எங்கள் கண்ணுக்குள் வருவது வரம்பு கட்டிய தாழ்பாத்தி, நடுவில் வாய்க்கால், தண்ணீர் மாறும் ஒருவர். அது கோடைக்கான உருவம். அந்தப் பாத்தியின் வேலை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. மாரியில் அதே பாத்தி கன்றுக்குக் கிடங்காகிவிடும். வேருக்குக் காற்றும் தேவை. ஓரிரு நாள் தண்ணீருக்குள் மூழ்கிய வேர் மூச்சடைத்துச் செத்துவிடும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மழை விட்டு வெயில் எறித்தவுடன், ஈரமண்ணில் நின்றபடியே என் கன்றுகள் வாடின.

மாரிக்கு மேட்டுப்பாத்தி வேண்டும். மூன்று அடி அகலம், அரை அடியிலிருந்து ஓர் அடி வரை உயரம். இரண்டு பாத்திக்கு இடையில் ஒன்றரை அடி நடைபாதை, அதுவே வடிகாலும். காணி எந்தப் பக்கம் சரிகிறது என்பதை முதல் மழையில் குடையோடு நின்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வடிகாலைத் திறந்துவிடுங்கள். மூன்று அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை எட்டவேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது. மிதித்த மண்ணில் தண்ணீர் இறங்காது.

பொங்கலுக்குப் பிறகு மழை முற்றாக விட்டதும், மண் அணைத்து, கன்றுகளின் அருகில் சிறு வாய்க்கால் எடுத்து, மேட்டை மெல்ல மெல்லத் தண்ணீர் பிடிக்கும் பாத்தியாக மாற்றிக்கொள்ளலாம். செம்மண்ணில் தண்ணீர் விரைவாகக் கீழே போய்விடும். ஆகையால் தையில் மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறையாவது இறைப்பு வேண்டும்.

மழைக்குள் நாற்றுமேடை

கார்த்திகையில் தோட்டத்தில் செய்யக்கூடிய பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் அந்த மாதம்தான் நாற்றுக்கான மாதம். நவம்பர்க் கடைசி எங்களில் பலருக்குக் கனமான நாட்கள். மழையும் சேர்ந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே முடங்கச் சொல்லும். நான் அந்த நாட்களில்தான் விதை போடுவேன். கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது.

மேடை மூன்று அடி அகலத்தில், முக்கால் அடி உயரமாக இருக்கட்டும். மேல்மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய எரு ஒரு பங்கு. நாற்றழுகல் நோய்க்காக மேடையின் மேல் உமியும் வைக்கோலும் பரப்பி எரிப்பது வழமை. புதிதாக விடுபட்ட காணியில் இதுவும் வேண்டாம். அதற்குப் பதிலாக மண்ணை ஒரு தட்டிலோ பழைய றெஜிபோம் பெட்டியிலோ எடுத்து, கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டு விதைக்கலாம். 25 கன்று, 50 கன்று வேண்டிய வீட்டுக்கு இந்தப் பெட்டியே போதும். அடியில் துளையிட மறக்கவேண்டாம். தும்புச்சோறு கலந்தால் மண் இறுகாது.

விதையை வரிசையாக, ஐதாகப் போடுங்கள். நெருக்கமாகப் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் தண்டு அடியில் கறுத்து, ஒரே இரவில் சரியும். மேலே வளைத்த தடிகளில் பொலித்தீன் கூரை. இரண்டு பக்கமும் திறந்திருக்கவேண்டும், மழை நேரடியாக விழக்கூடாது. முளைத்த பிறகு தண்ணீரைக் காலையில் மட்டும் பூவாளியால் விடுங்கள். நடுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி வெயிலுக்குப் பழக்கவேண்டும்.

தக்காளிக்கும் கோவாவுக்கும் மூன்றிலிருந்து நான்கு கிழமை, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நான்கிலிருந்து ஐந்து கிழமை நாற்றுமேடையில் போதும். கார்த்திகை நடுவில் போட்ட விதை மார்கழி நடுவில் நடத் தயாராகும். மழையும் அப்போதுதான் தளரும். பின்னேரத்தில் நட்டு, இரண்டு மூன்று நாளைக்குப் பூவரசம் குழையோ தென்னோலைத் துண்டோ குத்தி நிழல் கொடுங்கள்.

எந்த மாதத்தில் எது?

புரட்டாதியில் மண்ணைக் கொத்தி, எருவைச் சேர்த்து, வேலியைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி முதல் மழையோடு வெண்டி, பயிற்றை, பூசணி, மரவள்ளி போடலாம். இவை கொஞ்சம் மழை தாங்கும், ஆனாலும் மேட்டில்தான் போடவேண்டும். கார்த்திகையில் கூரைக்குள் நாற்று. மார்கழி இரண்டாம் பாதியில் தக்காளி, கோவா, மிளகாய், கத்தரி நடுகை. பீற்றூட், கரட், முள்ளங்கி, போஞ்சி ஆகியவற்றை நேரடியாக விதைப்பதும் அப்போதுதான். உருளைக்கிழங்கு நடுவதென்றால் மார்கழிக்கு அப்பால் தள்ளக்கூடாது. தையில் இரண்டாம் தடவை முள்ளங்கியும் கீரையும். மாசியில் அறுவடை. அப்போது புதிதாகப் போடுவதென்றால் கீரை மட்டும்.

கீரையை 25, 30 நாளில் பிடுங்கலாம். முள்ளங்கி 40, 45 நாள். செடிப் போஞ்சி இரண்டு மாதத்துக்குள் காய்க்கும். பீற்றூட் இரண்டரை மாதம், கரட் மூன்று மாதத்துக்கு மேல். தக்காளி நட்டு இரண்டு மாதம் கழிய முதல் பழம் வரும். கோவா இரண்டரையிலிருந்து மூன்று மாதம்.

எங்கள் மண்ணில் பிழைவிடும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

கரட்டைப் பிடுங்கி நடமுடியாது. நாற்றை நட்டால் வேர் வளைந்து கிழங்கு கோணும். புது எருவும் சுண்ணாம்புக்கல்லும் இருந்தால் கிழங்கு இரண்டாகக் கவடுவிடும். ஓர் அடி ஆழத்துக்குக் கல்லைப் பொறுக்கி, மண்ணைப் பொருபொருப்பாக்கி, விதையை மணலோடு கலந்து வரிசையில் தூவுங்கள். முளைக்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அதுவரை மேலே நனைத்த சாக்கு போட்டு, முளை கண்டவுடன் எடுத்துவிடவேண்டும்.

பீற்றூட்டின் ஒரு "விதை" உண்மையில் பல விதைகள் ஒட்டிய ஒரு கொத்து. ஒன்று போட்ட இடத்தில் இரண்டு மூன்று முளைக்கும். மனம் கேளாமல் எல்லாவற்றையும் விட்டால் ஒன்றும் பருக்காது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றை விட்டு மீதியைப் பிடுங்குங்கள். பிடுங்கிய இலை சுண்டலுக்கு நல்லது.

கோவாவுக்குக் கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி. தலை இறுகிய பிறகு, காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் வெடிக்கும். சந்தை விலைக்காக இரண்டு நாள் வைத்திருக்கவேண்டி வந்தால், செடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அரைத் திருப்புத் திருப்பிவிடுங்கள். சில வேர்கள் அறுந்து தண்ணீர் எடுப்பது குறையும், வெடிப்பது பிந்தும்.

தக்காளிக்குத் தடி ஊன்றிக் கட்டுங்கள். மண்ணில் முட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

உரமில்லாத காலங்கள் தந்த பாடம்

எங்கள் தலைமுறை உரமில்லாமல் தோட்டத்தை இரண்டு தடவை கண்டிருக்கிறது. முதலாவது 1990களின் பொருளாதாரத் தடை. யூரியாவும் மண்ணெண்ணெயும் தடுக்கப்பட்ட பொருட்களாக இருந்தன. இரண்டாவது 2021, அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்திய ஆண்டு. அந்த ஆண்டு பலர் திகைத்து நின்றபோது, ஆச்சி கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலிப் பூவரசுக்குப் போனார். "தடைக் காலத்திலை இதைத்தானே செய்தனாங்கள்" என்றார்.

அவர் செய்தது குழை தாழ்த்தல். பூவரசு, வாதமடக்கி, கிளிறிசிடியா எதுவானாலும் இலையோடு இளங்கிளைகளை வெட்டி, பாத்தியில் ஓர் அடி ஆழச் சால் எடுத்து, உள்ளே பரப்பி, மிதித்து, மண் மூடுவது. நடுவதற்கு மூன்று கிழமைக்கு முன் செய்யவேண்டும். உக்கும்போது மண் சூடாகும். அந்தச் சூட்டுக்குள் கன்றை நட்டால் வேர் கருகும். வேலியில் கிளிறிசிடியா நட்டால் வேலிக்கு வேலி, ஆட்டுக்குத் தீன், தோட்டத்துக்குக் குழை.

குழையும் எருவும் மண்ணுக்கு உடல் கொடுக்கும். ஆனால் கோவாபோல் அதிகம் தின்னும் பயிருக்கு அது மட்டும் போதாமல் போவதை 2021 இல் கண்ணாலே கண்டோம். தலை சிறுத்தது. அதற்காக இப்போது உரம் கிடைக்கிறதே என்று கணக்கில்லாமல் போடுவதும் பிழை. கடும் மழைக்கு முன் போடும் யூரியா பயிருக்குப் போகாது, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி நேரே கிணற்றுக்குப் போகும். யாழ் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடிவிட்டது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதிக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் வலு குறையும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. ஆகவே மழை அடங்கிய பின், சிறிது சிறிதாக, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். தோட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பனி கொண்டுவரும் நோய்

குளிர் காய்க்கும் உதவும், நோய்க்கும் உதவும். இலையில் பனி ஈரம் நெடுநேரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் தண்ணீர் ஊறியதுபோல் புள்ளி விழுந்து கறுத்தால் அது வெளிறல் நோய். பாதித்த இலையை உடனே கிள்ளிக் காணிக்கு வெளியே புதையுங்கள். தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் விடுங்கள். பனி காயுமுன் செடிகளுக்குள் நடந்து திரியவேண்டாம். உங்கள் உடுப்பே நோயைக் காவும்.

செடி பச்சையாகவே ஒரே நாளில் வாடினால் பற்றீரியா வாடலா என்று பாருங்கள். தண்டை அடியில் வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் நூலாக இறங்கினால் அதுவேதான். மருந்து தேடிக் காசை அழிக்காமல் செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அடுத்த சில போகங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நடவேண்டாம். நான்கும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதுக்கும் வரும். வெங்காயம், கீரை, பயிற்றை என்று மாற்றுங்கள்.

அழுக்கணவனுக்கும் கோவாப் புழுவுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. கோது நீக்கி இடித்த பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்துப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். புழு சின்னனாக இருக்கும்போதே தொடங்கவேண்டும். கடை மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால், போத்தலில் எழுதியிருக்கும் இடைவெளி நாள் கழியாமல் காயைப் பிடுங்காதீர்கள். நாங்கள் விற்பதைத்தான் எங்கள் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

கிணற்றுக்கும் ஒரு கணக்கு

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. மாரியில் இறங்கும் மழைநீர்தான் சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது பொதுக்கணக்கு. மறுவளமாக, மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு அத்தனை அடி ஏறப் பார்க்கும். ஆகவே தையில் கிணறு நிரம்பி இருக்கிறது என்று தோட்டம் மிதக்க இறைக்கவேண்டாம். வைக்கோல், காய்ந்த பனையோலை, பிடுங்கிய களை எதையாவது பாத்தி மேல் பரப்பினால் இரண்டு இறைப்புக்கு ஒன்று மிச்சம். மழைக்காலத்தில் வடிகால் தண்ணீரை வீதிக்கு விடாமல் காணி மூலையில் ஒரு கிடங்கு வெட்டித் தேக்கினால் அதுவும் நிலத்துக்குள்தான் போகும். உரமும் மருந்தும் கழுவி வரும் தண்ணீர் என்பதால், கிடங்கு கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம்.

விலையும் கடனும்

மார்கழியில் தக்காளி விலை ஏறி நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நடுகிறோம். எல்லோருடையதும் மாசியில் ஒன்றாகப் பழுக்கும். தம்புள்ளையிலிருந்து வரும் லொறியும் அதே நேரம் வந்து நிற்கும். அப்போது ஆய்கூலிக்கும் காணாது. அதிலும் சந்தையில் "கழிவு" என்று ஒரு பங்கை வெட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது மாரியில் நான் கால் பரப்பில்தான் தொடங்கினேன். மூன்று அடிக்கு இருபது அடியில் ஆறு மேட்டுப்பாத்திகள். ஒன்றில் தக்காளி 13 கன்று, ஒன்றில் கோவா 26 கன்று, மற்றவற்றில் பீற்றூட், போஞ்சி, கத்தரி, கீரை. கீரையையும் முள்ளங்கியையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டாக விதைத்தேன். எல்லாம் ஒரே நாளில் முற்றக்கூடாது என்பதற்காக. கடன் எடுக்கவில்லை. விதைக்கும் எருவுக்கும் கையில் இருந்த காசு போதுமாக இருந்தது. அந்தத் தையிலிருந்து பங்குனி வரை வீட்டுக்கு மரக்கறி வாங்கவில்லை. மிஞ்சியதை அயலுக்குள்ளேயே விற்றேன். வந்த காசு பெரிய காசு இல்லை. ஆனால் முதல் தோட்டத்துக் கடனின் கடைசிக் கிழமைகளை அதுதான் கட்டி முடித்தது.

கிழமைக் கடனும் தோட்டமும் ஒத்துவராது என்பதை நான் செலவழித்துத்தான் படித்தேன். தக்காளி இரண்டு மாதம் கழித்துத்தான் காசு தரும், கடன் ஏழாம் நாளே கேட்கும். கடன் எடுத்தே ஆகவேண்டுமென்றால், அறுவடைக்குப் பின் கட்டக்கூடிய பயிர்ச்செய்கைக் கடன் பற்றிக் கமநல சேவை நிலையத்திலோ வங்கியிலோ முதலில் கேளுங்கள். வாழ்வாதார உதவி தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கன்றுகளை ஐப்பசியில் தராதீர்கள். ஐப்பசியில் விதையும் கூரைக்குப் பொலித்தீனும் தாருங்கள். கன்று தருவதென்றால் மார்கழியில் தாருங்கள்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. கத்தரி, வெண்டி, பயிற்றை, நாட்டுத் தக்காளி ஆகியவற்றில் நல்ல செடியில் ஒன்றிரண்டு காயை முற்றவிட்டு விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் வையுங்கள். கோவா, கரட், பீற்றூட் எங்கள் குளிருக்குப் பூக்காது. அவற்றின் விதையை வாங்கத்தான் வேண்டும்.

ஆச்சிக்கு இப்போது குனிந்து வேலை செய்ய ஏலாது. ஆனாலும் முதல் மழைக்கு வேலியடிக்கு வந்துவிடுவார். போன ஐப்பசியிலும் வந்து, குடையைப் பிடித்தபடி என் வடிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் பாத்திகளுக்கு நடுவால் ஓடி, மூலைக் கிடங்கில் விழுந்துகொண்டிருந்தது. "இனி விதையைப் போடு பிள்ளை" என்றுவிட்டுப் போனார்.